கோழிக் குடலுக்கு ஒரு சிட்டிகைப் பாசி

பொரிப்பகத்திலிருந்து அட்டைப் பெட்டியில் வந்து இறங்கும் ஒருநாள் குஞ்சின் எடை ஏறக்குறைய 40 கிராம். ஐந்தாறு வாரம் கழித்து அதே குஞ்சு கூண்டு வண்டியில் ஏறும்போது இரண்டு கிலோவைத் தாண்டியிருக்கும். இந்த வேகத்தைப் பார்த்து மிரண்டவர்கள்தான் 'பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள்' என்ற பேச்சைக் கிளப்பிவிட்டார்கள். பல்லாயிரம் கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி குத்த ஆள் வைத்தால் பண்ணைக்காரருக்குக் கூலியே கட்டாது என்பதைக் கறிக்கடை வரிசையில் நிற்கும் யாரும் யோசிப்பதில்லை.

உண்மைக் காரணம் தலைமுறை தலைமுறையாக நடந்த இனத்தேர்வு. கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பளிச்சென்று காட்டியது. 1957இல் இருந்த கோழி ரகம், 1978ஆம் ஆண்டு ரகம், 2005ஆம் ஆண்டு ரகம் மூன்றையும் ஒரே மாதிரித் தீவனம் கொடுத்து வளர்த்தார்கள். 56ஆம் நாளில் முதலாவது 905 கிராம் இருந்தது. இரண்டாவது 1,808 கிராம். மூன்றாவது 4,202 கிராம். தீவனம் அதேதான். மாறியது கோழி.

நெஞ்சுக்கறி பெருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்தவர்கள் அதற்குச் சோறு போடும் குடலை அவ்வளவாகக் கவனித்தார்கள் என்று சொல்ல முடியாது. கறிக்கோழியின் உற்பத்திச் செலவில் 60 முதல் 70 சதவீதம் தீவனத்துக்கே போகிறது. அந்தத் தீவனம் கறியாவதும் எச்சமாவதும் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஒரு குழாயில்தான் முடிவாகிறது. அந்தக் குழாயின் நலத்துக்காகத்தான் இப்போது நுண்பாசி என்ற புதுச் சரக்கு தீவன ஆலைகளின் வாசலில் வந்து நிற்கிறது. குளத்துப் பச்சை என்று நாம் ஒதுக்கும் கூட்டத்தைச் சேர்ந்த சுருள்பாசியும் குளோரெல்லாவும் இதில் முன்னணியில் இருக்கின்றன. இவை என்ன செய்கின்றன, எவ்வளவு செய்கின்றன, எங்கே கைவிடுகின்றன என்பதில் விற்பவர் சொல்வதற்கும் ஆய்வுக்கூடம் சொல்வதற்கும் நடுவே நல்ல இடைவெளி உண்டு.

முதலில் குடலுக்குள் போவோம்.

குஞ்சு முட்டையை விட்டு வெளிவரும்போது வயிற்றுக்குள் கொஞ்சம் மஞ்சள்கரு மிச்சமிருக்கும். முதல் சில நாட்களுக்கு அதுவே கட்டுச்சோறு. அது தீர்வதற்குள் குடல் தீவனத்துக்குப் பழகியாக வேண்டும். அதனால் முதல் வாரத்தில் உடம்பின் மற்ற எந்தப் பாகத்தையும் விடக் குடல் வேகமாக வளர்கிறது. சிறுகுடலின் உட்சுவர் முழுக்க ஒரு மில்லிமீட்டர் அளவில் நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் உயர உயர, சத்தை இழுக்கும் பரப்பு கூடுகிறது. உறிஞ்சிகளின் அடியில் உள்ள குழிகளில்தான் புதுச் செல்கள் பிறக்கின்றன. அவை மேலே ஏறி, சில நாட்களிலேயே நுனியில் உதிர்ந்துவிடுகின்றன. உறிஞ்சி உயரமாகவும் குழி ஆழமில்லாமலும் இருந்தால் குடல் நிம்மதியாக இருக்கிறது என்று பொருள். குழி ஆழமானால் எங்கோ சேதம் நடக்கிறது, அதைச் சரிசெய்யச் செல்கள் அவசர அவசரமாகத் தயாராகின்றன. அந்தப் பழுதுவேலைக்கும் தீவனச் சத்துத்தான் செலவாகிறது. அந்த அளவுக்குக் கறி குறைகிறது. அதனால்தான் குடல் ஆய்வுகள் எல்லாவற்றிலும் இந்த உயரத்துக்கும் ஆழத்துக்கும் உள்ள விகிதத்தை அளந்து எழுதுகிறார்கள்.

சிறுகுடல் முடியும் இடத்தில் இரண்டு குருட்டுக்குடல்கள் பக்கவாட்டில் பிரிகின்றன. கோழியின் உடம்பில் நுண்ணுயிர் மிக அடர்ந்து வாழும் இடம் இவைதான். ஒரு கிராம் குடல்சரக்கில் ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட பாக்டீரியாக்கள் இருக்கும். செரிக்காமல் வந்த நாரை இவை புளிக்க வைத்துப் பியூட்ரிக் போன்ற கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. குடல்சுவரின் செல்களுக்கு அது நேரடி எரிபொருள். லாக்டோபேசில்லஸ் வகைகள் பெருகினால் சூழல் புளிப்பாகி ஈ.கோலை, சால்மோனெல்லா போன்றவற்றுக்கு இடம் சுருங்குகிறது.

இந்த ஒழுங்கைக் குலைப்பதில் இரண்டு பேர் கெட்டிக்காரர்கள். ஒன்று, பண்ணைகளில் ரத்தக்கழிச்சல் என்று சொல்லப்படும் நோயைக் கொண்டுவரும் ஐமீரியா என்ற ஒட்டுண்ணி. கோழியைத் தாக்கும் இதன் இனங்கள் 7 என்பது பாடநூல் கணக்கு. குடலின் வெவ்வேறு பகுதியை ஒவ்வொன்றும் பிடித்துக்கொள்ளும். ஈரமான படுக்கையில் இதன் முட்டைகள் பக்குவமாகி மறுபடியும் கோழியின் வாய்க்குள் போகின்றன. மற்றொன்று, கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியா. நல்ல கோழியின் குடலிலும் இது சும்மா இருக்கும். ஐமீரியா குடல்சுவரைக் கிழித்ததும் புரதம் கசிகிறது, சளி சுரக்கிறது. இது அதைத் தின்று கொழுத்து நஞ்சைக் கக்குகிறது. குடலின் உட்புறம் அழுகி, பழுப்பு நிறத்தில் ஆடை படர்ந்துவிடும். இந்த அழுகல் நோயின் முக்கிய நஞ்சான நெட்-பி என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல்தான் அடையாளம் கண்டார்கள். கோழிகள் செத்து விழுந்தால் நோய் கண்ணுக்குத் தெரியும். பெரும்பாலும் அப்படி விழுவதில்லை. எச்சம் தண்ணீராகப் போகும், தின்ற மக்காச்சோளம் அரைகுறையாக வெளியே வரும், படுக்கை ஈரமாகி அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும், பேட்ச் முடிந்து எடை போடும்போது 200 கிராம் குறையும். பண்ணைக்காரருக்கு இந்த மெல்லிய நஷ்டம்தான் ஆண்டு முழுக்கச் செலவு வைக்கிறது.

இதற்கெல்லாம் நீண்ட காலம் ஒரே மருந்து இருந்தது. 1940களின் கடைசியில் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் தாமஸ் ஜூக்ஸும் ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட்டும் குஞ்சுகளுக்கு விட்டமின் பி12 தரும் மலிவான சரக்கைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆரியோமைசின் என்ற ஆண்டிபயாடிக் தயாரித்தபின் மிஞ்சிய சக்கையைத் தீவனத்தில் கலந்து பார்த்தார்கள். விட்டமினால் மட்டும் வரக்கூடியதைவிடக் குஞ்சுகள் வேகமாக வளர்ந்தன. சக்கையில் ஒட்டியிருந்த மருந்துதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அன்று தொடங்கிய பழக்கம் உலகம் முழுக்கப் பரவியது: நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தீவன மூட்டையில் சிறிதளவு ஆண்டிபயாடிக்.

அதன் விலையை மனிதர்கள் வேறு இடத்தில் கட்ட நேர்ந்தது. சிறிதளவு மருந்திலேயே வாழப் பழகிய கிருமி பிறகு பெரிய அளவுக்கும் அசையாது. ஸ்வீடன் 1986இலேயே வளர்ச்சிக்காக ஆண்டிபயாடிக் கலப்பதைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் முழுக்க நிறுத்தியது. இந்தியாவில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014இல் தில்லி வட்டாரத்தில் 70 கோழிக்கறி மாதிரிகளைச் சோதித்து, 40 சதவீதத்தில் ஆண்டிபயாடிக் எச்சம் இருப்பதாக அறிவித்தபோது பரபரப்பு எழுந்தது. மருத்துவமனைகளில் கடைசிக் கையிருப்பாக வைத்திருக்கும் கோலிஸ்டின் மருந்தைக் கால்நடைக்கும் கோழிக்கும் பயன்படுத்த மத்திய அரசு 2019 ஜூலையில் தடை போட்டது.

மருந்தை எடுத்துவிட்டால் அந்த இடம் காலியாக இருக்காதே. புரோபயாடிக், நொதிகள், கரிம அமிலங்கள், ஓம எண்ணெய், பூண்டு, மஞ்சள் என்று ஒரு பெரிய கூட்டமே அங்கே வந்து சேர்ந்தது. நுண்பாசி அதில் கடைசியாக வந்ததுபோல் தோன்றும். உண்மையில் அது பழைய விருந்தாளி. 1952லேயே அமெரிக்காவில் காம்ப்ஸ் என்பவர் குளோரெல்லாவைக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்து 'சயன்ஸ்' இதழில் எழுதியிருக்கிறார். போருக்குப் பிந்தைய அந்தக் காலத்தில் உலகத்துக்குப் புரதம் போதாது, பாசிதான் காப்பாற்றப்போகிறது என்ற நம்பிக்கை பலமாக இருந்தது.

இந்தியாவிலும் அந்த நம்பிக்கை வேர் விட்டது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் எல்.வி. வெங்கடராமனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், கறிக்கோழித் தீவனத்தில் கருவாட்டுத் தூளையோ கடலைப் புண்ணாக்கையோ எடுத்துவிட்டு 14 சதவீதம், 17 சதவீதம் என்று சுருள்பாசியைச் சேர்த்தார்கள். தீவனத்தைக் கறியாக்கும் திறன் குறையவில்லை. கறியின் நிறம் மட்டும் அடர்ந்தது. சென்னையில் முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மையத்தை நடத்திய சி.வி. சேஷாத்ரி, அதே சுருள்பாசியைக் கிராமக் குழந்தைகளின் விட்டமின் ஏ குறைபாட்டுக்கு மருந்தாக்கப் பாடுபட்டார். புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பாரி நிறுவனம் இன்று பெரிய குளங்களில் சுருள்பாசி வளர்த்து ஏற்றுமதி செய்கிறது. மதுரையிலும் ஆரோவில்லிலும் சிறிய பண்ணைகள் இருக்கின்றன. வெயிலும் காரத்தன்மையுள்ள தண்ணீரும் கிடைத்தால் போதும், இந்தப் பாசி பிழைத்துக்கொள்ளும். அதிலும் வெயிலுக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமே இல்லை.

ஆனால் மைசூர் ஆய்வில் பாசி வந்தது புரதமாக, அதாவது புண்ணாக்குக்குப் பதிலாக. சுருள்பாசியின் உலர் எடையில் 55 முதல் 70 சதவீதம் புரதம். சோயாப் புண்ணாக்கில் 44 முதல் 48. கணக்கில் பாசி ஜெயிக்கிறது. கடையில் தோற்கிறது. 2021இல் சோயாப் புண்ணாக்கு விலை தலைக்கு மேல் ஏறி, மரபணு மாற்றிய சோயாப் புண்ணாக்கு 12 லட்சம் டன் இறக்குமதி செய்ய அரசு இடம் கொடுக்க வேண்டி வந்ததே, அந்த உச்ச விலையிலும் பாசி அதன் பக்கத்தில் நிற்க முடியவில்லை. மனிதர்களுக்கு மாத்திரையாகவும் பொடியாகவும் விற்கும் பொருளைக் கோழிக்குக் கிலோக்கணக்கில் கொட்ட யாருக்கும் மனம் வராது.

எனவே கேள்வி மாறியது. நிறையக் கொடுத்துப் புரதமாக்குவதை விட்டுவிட்டு, டன்னுக்குச் சில கிலோ மட்டும் சேர்த்தால் குடலில் என்ன நடக்கும்?

தென்கொரியாவில் 2018இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குத் தெளிவான பதில்களில் ஒன்றைத் தந்தது. கால் சதவீதம், அரை, முக்கால், ஒன்று என்று சுருள்பாசியை ஏற்றிக்கொண்டே போனார்கள். அளவு கூடக்கூடக் கோழிகளின் எடையும், தீவனத்தைக் கறியாக்கும் திறனும் மேம்பட்டன. குருட்டுக்குடலில் லாக்டோபேசில்லஸ் பெருகியது. எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா குறைந்தது. கடைசியில் சொன்னது சின்ன விஷயம் அல்ல. அம்மோனியா குறைந்தால் புரதம் வீணாகாமல் உடம்பில் தங்கியிருக்கிறது என்று அர்த்தம். கூடவே கோழியின் கண்ணுக்கும் மூச்சுக்குழாய்க்கும் ஆறுதல். தேங்காய் நார்க்கழிவைப் பரப்பி அதன்மேல் கோழி வளர்க்கும் பொள்ளாச்சி, பல்லடம் வட்டாரத்து ஷெட்டுகளுக்குள் மழைக்காலத்தில் நுழைந்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அதே நாட்டில் 2013இல் குளோரெல்லாவை வைத்து நடந்த சோதனை இன்னொரு நுணுக்கத்தைக் காட்டியது. ஒரு சதவீதம் குளோரெல்லாவை உலர்ந்த பொடியாகவும், வளர்த்த திரவமாகவும், அதிலிருந்து எடுத்த சாறாகவும் தனித்தனியே கொடுத்து, ஆண்டிபயாடிக் கலந்த தீவனத்தோடு ஒப்பிட்டார்கள். புதுத் திரவமாகக் கொடுத்ததில்தான் எடையும் நல்ல பாக்டீரியாவும் குறிப்பிடும்படி கூடின. காரணம் குளோரெல்லாவின் தோல். அதன் செல்சுவர் மிகக் கெட்டியானது. கோழியின் நொதிகளால் அதை எளிதில் உடைக்க முடியாது. உள்ளே இருக்கும் சத்து பூட்டிய பெட்டிக்குள் இருந்தபடியே எச்சத்தோடு வெளியேறிவிடலாம். சுருள்பாசிக்கு அந்தத் தொல்லை குறைவு. அது தாவரமே அல்ல, நீலப்பச்சை பாக்டீரியா. அதன் சுவரில் செல்லுலோஸ் கிடையாது. மூட்டையில் 'நுண்பாசி' என்று பொதுவாக அச்சடித்து விற்பதில் உள்ள கோளாறு இதுதான். எந்தப் பாசி, எப்படி உலர்த்தியது, சுவரை உடைத்ததா என்று கேட்காமல் வாங்குவது, எந்தத் தானியம் என்று கேட்காமல் மாவு வாங்குவதற்குச் சமம்.

சிறிதளவு பாசி எப்படி வேலை செய்கிறது? ஒரே வழியில் இல்லை. பாசியின் சர்க்கரைச் சங்கிலிகள் சில, கோழியின் நொதிக்குத் தப்பிக் கீழ்க்குடல் வரை போய் நல்ல பாக்டீரியாவுக்கு உணவாகின்றன. சுருள்பாசிக்கு நீலம் தரும் பைகோசயனின், குடல் செல்களைக் கெடுக்கும் ஆக்சிஜன் எச்சங்களை அடக்குகிறது. யூக்ளினா என்ற இன்னொரு நுண்ணுயிர் சேமித்து வைக்கும் பீட்டா-குளூக்கான், குடல்சுவரை ஒட்டிக் காவல் நிற்கும் எதிர்ப்பு செல்களைத் தட்டி எழுப்புகிறது. ஐமீரியா தாக்கிய கோழிகளிடமும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கோழியின் நோயெதிர்ப்பு அமைப்பில் பெரும்பங்கு குடலைச் சுற்றியே இருக்கிறது என்பதால் இது பொருட்படுத்த வேண்டிய சங்கதி. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் குரேஷியும் சகாக்களும் 1996லேயே டன்னுக்கு 10 கிராம் முதல் 10 கிலோ வரை சுருள்பாசி சேர்த்துக் கோழிகளின் எதிர்ப்பாற்றல் கூடுவதைப் பதிவு செய்திருக்கிறார்கள்; கிருமியை விழுங்கும் செல்கள் கூடுதல் சுறுசுறுப்பு காட்டின.

நம் ஊருக்கு நெருக்கமான சோதனை ஒன்று ஈரானிலிருந்து வருகிறது. வெப்பத்தில் வைத்த கறிக்கோழிகளுக்கு அரை சதவீதம் முதல் இரண்டு சதவீதம் வரை சுருள்பாசி கொடுத்து 2018இல் எழுதினார்கள். வெயில் ஏறும்போது கோழி உடம்பைக் குளிர்விக்க ரத்தத்தைத் தோலுக்குத் திருப்பிவிடும். குடலுக்குப் போகும் ரத்தம் குறையும், செல்களுக்கு இடையே உள்ள இறுக்கம் தளரும், நஞ்சும் கிருமியும் ரத்தத்துக்குள் கசியும். சித்திரை, வைகாசியில் கோழிகள் மூச்சிரைத்து வாயைத் திறந்து நிற்கும்போது உள்ளே நடப்பது இதுதான். ஈரான் கோழிகளில் பாசி தின்றவற்றுக்கு மன அழுத்த ஹார்மோன் குறைந்திருந்தது, ரத்தத்தின் ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறன் உயர்ந்திருந்தது. ஆனால் எடையில் பெரிய மாற்றம் இல்லை. விளம்பரத் துண்டறிக்கையில் இந்தக் கடைசி வரி வருவதில்லை.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு லிஸ்பன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாட்சி. 2020இல் வெளியான அவர்களுடைய சோதனையில், மூன்று வாரம் வயதான கோழிகளுக்கு 35 நாள் வரை தீவனத்தில் 15 சதவீதம் சுருள்பாசி சேர்த்தார்கள். செரிமானத்துக்கு உதவட்டும் என்று சில கோழிகளுக்கு நொதியும் கலந்தார்கள். வளர்ச்சி சரிந்தது. பாசியின் புரதம் குடலுக்குள் ஆறிய கேழ்வரகுக் கூழைப்போல் இறுகிக்கொண்டது. குடல்சரக்கு கெட்டிப்பட்டதால் நொதிகள் உள்ளே புக முடியவில்லை, சத்து சுவரை எட்டவில்லை. பாசியின் சுவரை உடைக்கும் லைசோசைம் நொதி சேர்த்த கோழிகளில் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் கூடுதல் புரதம் வெளியே வந்து கூடுதலாக இறுகியது. நொதி சேர்த்தால் எல்லாம் சரியாகும் என்று நினைத்தவர்களுக்கு இது நல்ல பாடம். ஹவாயில் 1990இல் ராஸும் டொமினியும் செய்த சோதனையிலும் 12 சதவீதம் வரை கறிக்கோழி தாங்கியது. லெகார்ன் போன்ற முட்டைக்கோழிக் குஞ்சுகளுக்கோ 10 சதவீதத்திலேயே வளர்ச்சி தேங்கியது.

மைசூரில் 17 சதவீதம் வரை ஒத்துப்போனதும் லிஸ்பனில் 15 சதவீதமே கெடுத்ததும் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியும். மைசூர்க் கோழிகள் 12 வாரம் நிதானமாக வளர்ந்தவை. இன்றைய ரகம் அதில் பாதி நாளுக்குள் விற்பனை எடையைத் தொட வேண்டும். அதன் குடலில் ஒரு மணிநேரத் தாமதத்துக்கும் இடமில்லை. பாசியின் உலர்த்தும் முறை, கூட இருக்கும் தானியம், சேர்க்கும் வயது எல்லாமே விடையை மாற்றும். ஓர் ஆய்வை மட்டும் கையில் வைத்துக்கொண்டு 'பாசி நல்லது' என்றோ 'பாசி கெட்டது' என்றோ பேசுவோரிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

லிஸ்பனில் இன்னொன்றும் நடந்தது: கறி மஞ்சளானது. பாசியிலுள்ள கரோட்டினாய்டு நிறமிகள் தசையிலும் தோலிலும் படிந்துவிடுகின்றன. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2001இல் 4, 8 சதவீதம் கொடுத்துப் பார்த்தபோதும் இதே மஞ்சள் வந்தது. ஐரோப்பியச் சந்தைகள் சிலவற்றில் வெளிறிய கறியே விற்கும் என்பதால் அங்கே இதைக் குறையாக எழுதுகிறார்கள். நம் ஊர்க் கறிக்கடையில் நாட்டுக்கோழிக்கு மஞ்சள் பூசி வாட்டித் தொங்கவிடுவதைப் பார்த்தவர்களுக்கு, மஞ்சள் கறியை யாரும் வேண்டாம் என்று சொல்வார்கள் என்று தோன்றாது. வியாபாரிகள் இதையே ஒரு தந்திரமாக்கினாலும் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

இனிக் காசுக் கணக்கு. 2.2 கிலோ எடைக்கு வளரும் கோழி, ஒரு கிலோ எடைக்கு 1.6 கிலோ தீவனம் என்ற விகிதத்தில், மொத்தம் மூன்றரை கிலோ தீவனம் தின்னும். அதில் ஒரு சதவீதம் பாசி என்றால் 35 கிராம். கணக்குக்காகப் பாசி கிலோ 600 ரூபாய், தீவனம் கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கோழிக்கு 21 ரூபாய் பாசிச் செலவு. பதிலுக்குத் தீவன விகிதம் 1.6 என்பதிலிருந்து 1.56க்கு இறங்கியது என்றே இருக்கட்டும். மிச்சமாகும் தீவனம் 88 கிராம், மூன்றரை ரூபாய். கட்டுப்படியாகாது. கால் சதவீதமாகக் குறைத்தாலும் செலவு ஐந்து ரூபாயைத் தொடுகிறது.

ஆனால் குஞ்சு முதல் 10 நாளில் தின்பது முந்நூறு கிராம் தீவனத்துக்குள் அடங்கிவிடும். அந்த நாட்களுக்கு மட்டும் ஒரு சதவீதம் கொடுத்தால் மூன்று கிராம் பாசி, இரண்டு ரூபாய்க்குள். குடல் உருவாகும் நாட்களும் அவைதான். முதல் தீவனத்தில் மட்டும் பாசி, அதோடு கோடையில் ஒரு வாரம், தடுப்பூசி போட்ட பிறகு சில நாள் என்று அளந்து கொடுப்பதில்தான் இந்தச் சரக்குக்கு வாழ்வு இருக்கிறது. பேட்ச் முழுக்கக் கொட்டச் சொல்லும் விற்பனையாளர் குடலைப் பற்றி யோசிக்கவில்லை, தன் இலக்கைப் பற்றி யோசிக்கிறார்.

இந்தக் கணக்கை யார் போடுவது என்பது தமிழ்நாட்டில் தனிக் கதை. 1990களின் தொடக்கத்தில் உடுமலைப்பேட்டையில் சுகுணா நிறுவனம் பரப்பிய ஒப்பந்த வளர்ப்பு முறைதான் இன்று கொங்கு வட்டாரத்தில் பெரும்பாலும் நடக்கிறது. குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையவை. ஷெட், கரண்ட், தண்ணீர், படுக்கை, ஆள்கூலி விவசாயியுடையவை. பேட்ச் முடிந்ததும் வளர்ப்புக்கூலி. தீவன விகிதம் நன்றாக இருந்தால் ஊக்கத்தொகை, மோசமாக இருந்தால் பிடித்தம். தீவனத்துக்குள் என்ன இருக்கிறது என்று விவசாயிக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லாத ஏற்பாடு இது. பாசியைச் சேர்ப்பதும் விடுவதும் கம்பெனியின் தீவன வல்லுநர் முடிவு. அதனால் குடல் தேறினால் அதன் லாபத்தில் ஷெட்டைப் பெருக்கிக் கூட்டுகிறவருக்கு எவ்வளவு போகும் என்பது ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளில்தான் இருக்கும். சொந்தமாகக் குஞ்சு வாங்கி விடுபவர்களும் நாட்டுக்கோழி, கலப்பினக் கோழி வளர்ப்பவர்களும் மட்டும்தான் தாங்களே முடிவு செய்ய முடியும்.

அவர்களுக்கு முதல் செலவு பாசியாக இருக்க வேண்டியதில்லை. நிப்பிளிலிருந்து ஒழுகும் தண்ணீரை நிறுத்துவது, நார்க்கழிவைக் கிளறிக் காயவைப்பது, குஞ்சு இறங்கிய சில மணிநேரத்துக்குள் இரைப்பை நிரம்பியிருக்கிறதா என்று கைவிட்டுப் பார்ப்பது, ரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்தை முறையாக மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது ஆகியவை குடலுக்குச் செய்யும் உதவியை எந்தப் பொடியும் ஈடுசெய்யாது. ஐரோப்பாவிலும் ஆண்டிபயாடிக் தடைக்குப்பின் பண்ணைகளைத் தாங்கிப் பிடித்தவற்றில் பராமரிப்பும் ஐயோனோஃபோர் வகை ரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்துகளும் முக்கியமானவை. அந்த மருந்துகளுக்குக் கிளாஸ்ட்ரிடியத்தையும் அடக்கும் குணம் உண்டு. பாசி அவற்றுக்குத் துணை நிற்கலாம்.

பாசி வாங்கத்தான் போகிறார்கள் என்றால் பார்க்க வேண்டியவை சில உண்டு. திறந்த ஏரிகளிலும் குட்டைகளிலும் அள்ளிய பாசியில் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நச்சுப்பாசி கலந்திருக்கும் ஆபத்து உண்டு. அது கல்லீரலைக் கெடுக்கும். கட்டிய தொட்டிகளில், கார அளவு 9க்கு மேல் வைத்து வளர்த்த சுருள்பாசியில் வேற்றுப்பாசி எளிதில் தலைகாட்டாது. ஈயம், ஆர்செனிக் போன்ற கன உலோகங்களைப் பாசி தண்ணீரிலிருந்து உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும் என்பதால் ஒவ்வொரு தொகுதிக்கும் உலோகச் சோதனைச் சான்று கேட்க வேண்டும். ஈரம் அதிகமிருந்தால் பூஞ்சை பிடிக்கும். நல்ல சுருள்பாசிப் பொடி அடர்ந்த நீலப்பச்சையாக இருக்கும். அதிக வெப்பத்தில் உலர்த்தினாலும் வெளிச்சத்தில் கிடந்தாலும் பைகோசயனின் சிதைந்து பொடி மங்கிய மண்பச்சைக்கு வந்துவிடும். தீவனத்தை நீராவியில் வேகவைத்துக் குருணையாக்கும் ஆலையிலும் இதே கதி நேரலாம் என்பதால், சில ஆலைகள் இதுபோன்ற சரக்குகளைக் குருணையான பின் மேலே தூவுகின்றன. வாங்குமுன் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்து நிழலில் வைத்தால், சில மணிநேரத்தில் நல்ல பொடியிலிருந்து நீலம் பிரிந்து வரும்.